வாளியில் விழாத வண்டுகள்

இது நடந்து நான்கு வருடம் இருக்கும். மலேசியாவின் ஜொகூரில், ரெங்கம் என்கிற சின்ன ஊரில்தான் எங்கள் வீடு. எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம்தான் கண்ணில் படும். நானும் அப்படி ஒரு தோட்டத்தில்தான் வேலை செய்கிறேன். உதிரிப் பழம் பொறுக்கி, உரம் போட்டு, களை மருந்து அடித்து, எல்லாம் பார்த்தவளை நாற்பது வயதுக்கு மேல் பூச்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். எனக்கு மண்டைக்கனம் வந்தது அதற்குப் பிறகுதான்.

பூச்சிப் பிரிவில் என் வேலை வண்டு பிடிப்பது. சிரிக்காதீர்கள். காண்டாமிருக வண்டு என்று ஒன்று இருக்கிறது. கட்டை விரல் பருமன், நல்ல கறுப்பு, மூக்கின் மேல் ஒரு கொம்பு. பழைய செம்பனையைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நட்ட இடங்களில், மக்கிக் கிடக்கும் பழைய மரத்துக்குள் முட்டையிட்டுப் பெருகும். வளர்ந்ததும் பறந்து வந்து, இளங்கன்றின் குருத்தைத் துளைத்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். குருத்து போனால் கன்று போச்சு.

அதைப் பிடிக்கத் தோட்டத்தில் பொறி வைத்திருக்கிறோம். ஒரு பெரிய வாளி, வாளியின் மேல் குறுக்கே நிறுத்திய இரண்டு தகடு, தகட்டின் நடுவில் தொங்குகிற ஒரு சின்னப் பொட்டலம். அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது பெரோமோன். ஆண் வண்டு நல்ல சாப்பாடு கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு உடம்பிலிருந்து ஒரு வாசனையை விடுமாம். அது காற்றில் போய் மற்ற வண்டுகளை, ஆணையும் பெண்ணையும், கூப்பிடுமாம். அதே வாசனையை மனிதர்கள் செய்து பொட்டலத்தில் அடைத்துக் கொடுக்கிறார்கள். நம் மூக்குக்கு லேசாக ஏதோ பழ வாடை மாதிரி வரும், அவ்வளவுதான். வண்டுக்கோ அது கல்யாண வீட்டுப் பந்தி. பறந்து வந்து தகட்டில் முட்டி வாளிக்குள் விழும். வழவழப்பான வாளி, ஏறி வர முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை நான் போய் ஒவ்வொரு வாளியிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். பொட்டலம் வற்றிப்போனால் புதிதாக மாட்டுவேன்.

இந்த வேலை தெரிந்த பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கோயிலில், கடையில், கல்யாண வீட்டில், எங்கே யார் கிடைத்தாலும் பெரோமோன் பாடம்தான். என் வீட்டுக்காரர் மாசாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கேயே கூட்டாளிகளோடு ஃப்ளாட்டில் தங்கிக்கொண்டு சனிக்கிழமைதான் வருவார். அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நான் வண்டுக் கதையை ஆரம்பித்துவிடுவேன். "ஆள விடுலா, மொதல்ல சோறு போடு" என்பார் மனுஷன்.

ஆனால் என் பேச்சை வாயைப் பிளந்துகொண்டு கேட்கிற ஓர் ஆள் இருந்தார். பக்கத்து வீட்டு அண்ணன். அவர் சீனர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் ஆள் என்று சத்தியம் செய்வீர்கள். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு வளர்ந்ததால், எனக்குத் தெரியாத தமிழ்க் கெட்ட வார்த்தை கூட அவருக்குத் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார்.

இருபது வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் வேலை செய்தவர் அவர். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. வேலையை விட்டு வந்ததும் முதல் காரியமாக, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலியை ஒட்டி எட்டுத் தென்னங்கன்று நட்டார். குட்டையாக வளர்ந்து சீக்கிரம் காய்க்கிற பண்டான் தென்னை. அதன் இளநீர் வாசனையாக இருக்கும். வீட்டுக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, குடை நட்டு, தன் மரத்து இளநீரைத் தானே வெட்டி விற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "இனிமே எவன் கிட்டயும் போயி கார்டு தட்ட மாட்டேன் தங்கச்சி. எட்டு மரம் எனக்குப் போதும்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோவார். மேசையும் குடையும் முன்கூட்டியே வாங்கி ஸ்டோரில் வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு மரத்துக்கும் மூன்று வயதாகி, பாளை விடப்போகிற நேரம் அது.

என் வீட்டிலும் ஒரு தென்னை உண்டு. நல்ல உயரம். ஒரு நாள் அண்ணாந்து பார்த்தபோது மட்டையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி முக்கோண முக்கோணமாக இருந்தது. சந்தேகமே இல்லை, வண்டு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊர் வண்டையெல்லாம் பிடிக்கிறவள் வீட்டு மரத்திலேயே வண்டா?

அந்த வாரம் தோட்டத்தில் பொட்டலம் மாற்றுகிற வாரம். பழைய பொட்டலங்களை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அதில் ஒன்று பாதிதான் வற்றியிருந்தது. தூக்கிப் போடப்போகிற சாமான்தானே என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, அதைச் சோற்றுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வருகிற வழியில் கடையில் ரொட்டி வாங்க நின்றேன். பொழுது சாய்கிற நேரம். எங்கிருந்தோ விர்ரென்று ஒரு வண்டு வந்து என் பையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தது. கடைக்காரம்மா "அலமாக்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பொட்டலம் இன்னும் வேலை செய்கிறது!

மறுநாளே ஒரு வாளியும் இரண்டு தகடும் தயார். எங்கே வைப்பது? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வேலியோரமாக வைத்தேன். பக்கத்து அண்ணன் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தேன். என் தென்னை வீட்டின் மறுகோடியில் இருந்தது, அவருடைய எட்டு மரமும் வேலியை ஒட்டி இருந்தன. கையை நீட்டினால் அவருடைய இரண்டாவது மரத்தின் மட்டையைத் தொட்டுவிடலாம், அவ்வளவு நெருக்கம்.

முதல் வாரமே வாளியில் பதினேழு. அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "ஐயோ சாமி, இத்தனையுமா நம்ம மரத்துக்கு வந்துச்சு?" என்று நெஞ்சில் கை வைத்தார். நான் ஏதோ அறுவை சிகிச்சை முடித்த டாக்டர் மாதிரி கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இனிமே கவலைப்படாதீங்க" என்றேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "இன்னிக்கு எத்தன தங்கச்சி?" நான் எண்ணிக்கையைச் சொல்வேன். அவர் முகம் மலரும். சந்தையிலிருந்து வரும்போது எனக்கென்று கீரையோ, பாவ் என்கிற சீன ரொட்டி வாங்கினால் அதில் இரண்டோ கொண்டுவந்து வேலியில் மாட்டிவிட்டுப் போவார்.

இரண்டு மாதம் கழித்து அவர் குரலில் சுரத்து இல்லை. வந்து பார்க்கச் சொன்னார். போனேன். புதிதாக விரிந்த மட்டைகளில் அதே முக்கோண வெட்டு. ஒரு மரத்தில் இல்லை, நான்கு மரத்தில். அடிமட்டையில் ஓட்டை, ஓட்டையிலிருந்து மென்று துப்பின நார் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "தெரியலண்ணே, ஆபீஸ்ல கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான்தான் எல்லாம் தெரிந்தவளாயிற்றே! சுற்றும் முற்றும் பார்த்தேன். கொல்லையில் அவர் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த எருக்குவியல் கண்ணில் பட்டது. மாட்டுச் சாணமும் செம்பனைக் குலைச் சக்கையும் போட்டு மக்க வைத்திருந்தார். "இதான்ணே காரணம். வண்டு இதுலதான் முட்டை போடுது. நீங்களே வளர்க்கிறீங்க" என்று அடித்துச் சொன்னேன்.

மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த வெயிலில் மூன்று நாள் அந்தக் குவியலைக் கிளறிக் கொட்டி, அள்ளி, வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தினார். நான் கையில் கோப்பியோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அந்த ஓரத்துல நல்லா பாருங்கண்ணே" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தேன். புழு இருந்ததா என்றால், ஏழெட்டு இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது. பார்த்தீர்களா, சொன்னேன் இல்லையா? நான்காம் நாள் அவரால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் படுத்திருந்தார்.

குவியல் போன பிறகும் வண்டு போகவில்லை. என் வாளியில் விழுவதும் நிற்கவில்லை. வாளியில் நிறைய விழ விழ, 'நல்ல வேளை, நான் பிடிக்கிறேன், இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்' என்று நினைத்துக்கொண்டேன். பொட்டலம் வற்றியதும் தோட்டத்திலிருந்து இன்னொரு பாதிப் பொட்டலம் கொண்டுவந்து மாட்டினேன். அடுத்த மாதம் அவருடைய இரண்டாவது மரத்தின் குருத்து சாய்ந்தது. தொட்டால் கையோடு வந்துவிட்டது, அடியில் அழுகல் நாற்றம். பத்து நாளில் மூன்றாவது மரமும் அதே மாதிரி ஆனது. இரண்டையும் அவரே வெட்டி எடுத்தார். அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டதை என்னால் மறக்கவே முடியாது.

"தங்கச்சி, உன் ஒரு வாளி பத்தல போல. எனக்கும் ரெண்டு பொட்டலம் வாங்கிக் குடேன். மரத்துக்குப் பக்கத்துலயே மாட்டிடுறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்திருந்தாள். தமிழ்ப் பெண். கூட்டத்தில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் இருந்ததால் மலாயில் பேசினாள். பொறியை எப்போதும் பாதையோரத்தில், கன்றுகளைவிட்டுத் தள்ளி வைக்க வேண்டும் என்றாள். நாங்கள் எப்போதும் அப்படித்தான் வைப்போம். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் காட்டின இடத்தில் வைப்போம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? கையைத் தூக்கி, வீட்டில்கூட ஒரு பொறி வைத்திருக்கிறேன், தென்னைக்காக, கூடை கூடையாக விழுகிறது என்று மலாயில் பெருமையடித்தேன். பொட்டலம் எங்கிருந்து வந்தது என்று மண்டோர் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெண்ணோ, மரத்துக்கும் பொறிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பக்கத்திலேயேதான், கை எட்டும் தூரம் என்றேன். அவள் முகம் மாறியது. பிறகு கூட்டத்தில் என்னைத் தவிர யாருக்கும் புரியாதபடி தமிழுக்கு மாறினாள்.

"அக்கா, வர்ற வண்டெல்லாம் வாளியில விழாதுக்கா. வாசனைய மோந்துக்கிட்டு தூரத்துலேர்ந்து வரும், கிட்ட வந்ததும் நல்ல மரம் ஏதாச்சும் இருந்தா அதுல எறங்கிடும். நீங்க புடிக்கிறது கொஞ்சம். மீதிய நீங்களே கூப்பிட்டு வுடுறீங்க. பக்கத்துல யாராச்சும் இளந்தென்ன வச்சிருக்காங்களா?"

அண்ணனுடைய இரண்டாவது மரமும் மூன்றாவது மரமும் என் கண் முன்னால் வந்து நின்றன. அவள் என்னை மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், மறுபடி மலாயில் பாடத்தைத் தொடர்ந்தாள். அத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் கும்பிடத் தோன்றும். அன்றைக்கு மட்டும் அவள் அதை மலாயில் சொல்லியிருந்தால், அவமானத்தில் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும், புத்தி வந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாளியைக் கழற்றினேன். பொட்டலத்தை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, மறுநாள் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்து மண்டோரிடம் உண்மையைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"என்னா, வாளியக் கழுவப் போறியா?" என்று அதைக் கழற்றும்போதே அண்ணன் கேட்டார். "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "நீயா போயி ஏன் சொல்லணும்? வாளியத்தான் எடுத்துட்டியே, இனிமே வராது. சும்மா இருலா. அவருக்கு எப்படித் தெரியப் போவுது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் அழுவதைத் தாங்க முடியாமல் சொன்னார். அந்தப் பேச்சு எனக்கும் இதமாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. மூன்று நாள் அப்படியே இருந்தேன். வேலிப் பக்கம் துணி காயப்போடுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

நான்காம் நாள் எனக்கு ஓய்வு நாள். காலையிலிருந்து அந்தப் பக்கம் டொக் டொக்கென்று சத்தம். சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தேன். மிச்சமிருந்த ஆறு மரத்தில் ரொம்பத் தெளிவாக, ஒரு வெட்டுக்கூட இல்லாமல் நின்றது இரண்டு மரம். அந்த இரண்டுக்கும் பக்கத்தில் மூங்கில் கம்பு நட்டு, புது வாளி கட்டி, என் வாளியில் இருந்த மாதிரியே தகரத்தை வெட்டிக் குறுக்கே நிறுத்தி, அண்ணன் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பிளாஸ்திரி இன்னும் இருந்தது. பொட்டலம் தொங்கவிடக் கம்பியைக்கூட வளைத்து மாட்டிவிட்டார். நான் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அதற்கு மேல் என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, போட்டிருந்த நைட்டியோடு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். போய் நின்றதும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாசனை, வாளி, வாளியில் விழாத வண்டு, அந்தப் பெண் சொன்னது, நான் மூன்று நாள் ஒளிந்துகொண்டது எல்லாம்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். மரங்களைப் பார்த்தார். பிறகு கொல்லையில் எரு இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"அப்ப என் எரு?"

"அதுல கொஞ்சம் இருந்துச்சுண்ணே. ஆனா வந்து மரத்தத் தின்னதுல முக்காவாசி, நான் கூப்பிட்டு வந்தது."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குத் தெரிந்த அந்த லயத்து வார்த்தைகளில் இரண்டை வீசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மெதுவாக, "நான் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கவே இல்ல. நீ அதுலயே வேல செய்யிற ஆளு, ஒனக்குத் தெரியும்னு வுட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு வாளி இரண்டையும் கழற்றி உள்ளே கொண்டுபோனார். கிரில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் அங்கேயே நின்று அழுதுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் பேச்சு இல்லை. வேலியில் கீரையும் இல்லை. சோறு இறங்கவில்லை எனக்கு. மரம் போனதைவிட, அந்த மனுஷன் தன் மேலேயே குற்றத்தைப் போட்டுக்கொண்டாரே, அதுதான் குடைந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டேன். காலையில் வாசலில் ஹார்ன் சத்தம். அண்ணனுடைய பழைய வேன். சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏறு. பொந்தியான் போறோம்" என்றார். எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தைரியமில்லை, பின்கதவைப் பூட்டிக்கொண்டு வந்து ஏறிவிட்டேன். பாதி வழி வரை வாயைத் திறக்கவில்லை அவர். நானும் கம்மென்று இருந்தேன். நான் அத்தனை நேரம் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. "என்னா, வாயில வண்டு பூந்துருச்சா?" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அதற்குப் பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், நான் எதிர்பார்த்த திட்டு! சீனத்தில் கொஞ்சம், மலாயில் கொஞ்சம், மீதி அசல் லயத்துத் தமிழ். பொந்தியான் வந்து சேரும் வரை ஓயவில்லை. எனக்குக் காதில் தேன் வந்து பாய்ந்த மாதிரி இருந்தது.

பொந்தியானில் அவருடைய சித்தப்பா மகன் மீன்பிடித் தொழில் செய்கிறவர், கடலோரமாகத் தென்னையும் வைத்திருக்கிறார். இரண்டு நாளாக அண்ணன் அவரோடு போனில் பேசியிருக்கிறார். அவர்கள் பக்கம் கிழிந்த மீன்வலையைத் துண்டு துண்டாக வெட்டித் தென்னையின் மட்டை இடுக்கில் செருகிவிடுவார்களாம். வண்டு குருத்துக்குப் போகிற வழியில் வலையில் கால் சிக்கிக்கொள்ளும். எந்த வாசனையும் வேண்டாம், எதையும் கூப்பிட வேண்டாம். வருகிறது மாட்டும், அவ்வளவுதான். வேனின் பின்பக்கம் நிறைய வலையை ஏற்றிக்கொண்டு வந்தோம். வண்டியெல்லாம் கருவாட்டு வாடை.

நான் அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். வலையைச் செருகுவதற்கு முன்னால், பயிற்சி கொடுக்க வந்த அந்தப் பெண்ணின் போன் எண்ணை மண்டோரிடம் வாங்கி, கூப்பிட்டுக் கேட்டேன். வலை சரிதானா, எப்படிச் செருக வேண்டும், வேறு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். செய்யலாம் அக்கா என்றாள். முதலில் உள்ளே இருக்கிற வண்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதை உள்ளேயே வைத்துப் பூட்டின மாதிரி ஆகிவிடும் என்றாள். நல்ல வேளை கேட்டேன்.

ஒரு வாரம், தினமும் தோட்ட வேலை முடிந்து வந்ததும் எங்களுக்கு இதே வேலைதான். முனையை வளைத்த கம்பியை ஓட்டைக்குள் விட்டு வண்டைக் குத்தி இழுக்க வேண்டும். நான் ஏணியில், அண்ணன் கீழே டின்னோடு. சனிக்கிழமை வந்த என் வீட்டுக்காரரையும் விடவில்லை, ஏணியைப் பிடிக்க வைத்தோம். "சும்மா இருலான்னு சொன்னேனே, கேட்டியா" என்று அவர் முணுமுணுத்தார். ஆனால் ஏணியை விடவில்லை. ஒவ்வொரு வண்டு வெளியே வரும்போதும் அண்ணன், "இந்தா, நீ அழைச்ச விருந்தாளி" என்று டின்னை நீட்டுவார். எல்லாம் முடிந்து ஆறு மரத்துக்கும் வலை கட்டினபோது, ஏதோ ஆறு பேருக்கு மஃப்ளர் சுற்றிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "அசிங்கமாத்தான் இருக்கு, இருந்தா இருக்கட்டும்" என்றார்.

அடுத்து விரிந்த மட்டைகளில் ஒன்றிரண்டு வெட்டு இருந்தது. அதற்கடுத்த மட்டை முழுதாக விரிந்தது. அந்தப் பச்சை மட்டையைப் பார்த்து நாங்கள் இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கைதட்டிக்கொண்டோம். ஆறு மரமும் தப்பித்துக்கொண்டன. போன இரண்டின் இடத்தில் நான் கன்று வாங்கி நட்டேன். அதற்குக் குழி தோண்டியதும் நான்தான், அண்ணன் கோப்பியோடு நின்று அதிகாரம் செய்தார்.

இப்போது அவர் வீட்டு வாசலில் மேசையும் குடையும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெங்கம் வழியாகப் போகிறவர்கள் நிறுத்திக் குடித்துவிட்டுப் போகிறார்கள். நான் அந்தப் பக்கம் போனால் போதும், வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, "இந்தம்மாதான் ஊர் வண்டுக்கெல்லாம் என் வீட்டு அட்ரஸ் குடுத்தவங்க" என்று அறிமுகம் செய்து வைப்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு உட்கார்ந்து இளநீர் குடிப்பேன், நல்ல வாசனையாக இருக்கும்.

பூச்சிப் பிரிவில்தான் இன்னும் இருக்கிறேன். வாய் குறைந்துவிட்டதா என்றால், வீட்டுக்காரர் இல்லை என்பார். ஆனால் புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னால், ஏன் இந்த இடத்தில், ஏன் இவ்வளவு தூரத்தில் என்று மண்டோரைக் குடைந்து எடுத்துவிடுகிறேன். போன மாதம் அண்ணன் ஒரு மஞ்சள் மட்டையைக் கொண்டுவந்து காட்டி, என்ன வியாதி என்று கேட்டார். தெரியலண்ணே, கேட்டுட்டு வர்றேன் என்றேன். கேட்டுவந்து சொன்னேன். உரம் போட வேண்டும் என்றதும், எவ்வளவு, எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் சட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். அவ்வளவு நடந்த பிறகும் நான் சொன்னால் அவருக்குப் போதும். அதனால்தான் அவர் கேட்காமல் விட்டுவிடுகிற கேள்விகளை எல்லாம், வேலிக்குப் போவதற்கு முன்னால் நானே நாலு பேரிடம் கேட்டுவிட்டுப் போகிறேன்.